மாசமாக இருப்பவளுக்குத் தெரியாதது எது?

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வகை உண்டு. கர்ப்பிணிகள் சிலரை உட்கார வைத்து வினாத்தாள் கொடுப்பார்கள். இரும்புச்சத்து எதில் அதிகம், ஃபோலிக் அமிலம் எதற்கு, பால் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேள்விகள் இருக்கும். பிறகு படம் வரைந்த அட்டைகளோடு ஒரு பாடம். சில நாள் கழித்து மறுபடி அதே வினாத்தாள். மதிப்பெண் ஏறியிருக்கும், ஏறாமல் எப்படிப் போகும்? “விழிப்புணர்வு போதவில்லை, கற்பித்தால் வருகிறது” என்று எழுதி ஆய்வேட்டை பைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம். படிப்பு முடிவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அது, மாணவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இந்த வினாத்தாள் மனப்பான்மை கல்லூரி வாசலோடு நிற்கவில்லை. ரத்தசோகை என்று பேச்சு வந்தாலே, அமைச்சர் பேசினாலும் அதிகாரி பேசினாலும், கடைசியில் வந்து நிற்கும் இடம் “தாய்மார்களுக்குத் தெரியவில்லை” என்பதுதான். உண்மையில் அவளுக்கு நிறையவே தெரியும். தெரிய வேண்டிய சில விஷயங்கள் மட்டும் அவளிடம் நேரங்கெட்ட நேரத்தில் வந்து சேர்கின்றன, அல்லது தெரிய வேண்டிய ஆளிடம் போய்ச் சேருவதே இல்லை. தெரிந்ததைச் செய்யவும் பல வீடுகளில் வழியில்லை. இந்த மூன்றையும் ‘அறியாமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் தப்பு.

கோம்பையை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் கிடக்கும் பேரூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் கோம்பை நாய்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளூரில் தென்னை, திராட்சை, கொஞ்சம் மானாவாரி. அதற்கு மேல் வேலை வேண்டுமென்றால் மலையேற வேண்டும். கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் கிளம்பும் ஊர்களில் இதுவும் ஒன்று. இந்த ஊரில் முழுகாமல் இருக்கும் ஒரு பெண்ணிடம் வினாத்தாளை நீட்டினால் அவள் தேறிவிடுவாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேப்பை, முட்டை, ஈரல் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவு, நர்சம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரை, தாய் சேய் நல அட்டையில் அச்சிட்ட படங்கள் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது வருஷத்தில் இந்தப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டன. தொலைக்காட்சியும் யூடியூபும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

புள்ளிவிவரமும் இதைத்தான் காட்டுகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றுக்கும் (2015-16) ஐந்தாம் சுற்றுக்கும் (2019-21) இடையில், கர்ப்பகாலத்தில் நூறு நாளுக்கு மேல் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தமிழ்நாட்டுத் தாய்மார்களின் விகிதம் நன்றாக உயர்ந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு ஆனது. ஆனால் அதே இடைவெளியில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் 44.4 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக ஏறினார்கள். பாடம் கூடியது, மாத்திரை கூடியது, சோகையும் கூடியது. அறியாமைதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அளவெடுப்பிலேயே கோளாறு என்பார்கள் சிலர். அந்த வாதத்தில் சாரம் உண்டு. கணக்கெடுப்பில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம்தான் எடுத்தார்கள். நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தைப் போல அது துல்லியமாக இராது. அதனால்தான் ஆறாம் சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனையையே விட்டுவிட்டு, நரம்பு ரத்தம் எடுக்கும் தனிக் கணக்கெடுப்புக்கு அதை மாற்றினார்கள். தவிர, கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயற்கை. அதற்கு இடம் விட்டுத்தான் கர்ப்பிணிக்கு 11 கிராம் என்று கோடு போட்டிருக்கிறார்கள், மற்றப் பெண்களுக்கு 12. ஆகவே 44-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் இரண்டு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் அளந்தார்கள். இத்தனை மாத்திரைக்குப் பிறகும் எண் குறையவில்லை என்பதை எந்தக் கருவிக் கோளாறும் மறைக்க முடியாது.

சரி, மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை? அதில் 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை வளர, நஞ்சுக்கொடி வளர, தாயின் ரத்தம் பெருக, பிரசவத்தில் போகும் ரத்தத்தை ஈடுகட்ட என்று ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினாலே அதிகம் என்பதால் சாப்பாட்டை மட்டும் நம்பி இந்தக் கடனை அடைக்க முடியாது, மாத்திரை தேவைதான். இனி ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். வயிறு வெளியே தெரியும்வரை காய் எடுக்கப் போகிறவர்கள் உண்டு. விடியுமுன் எழுந்து சமைத்து, கட்டுச்சோற்றோடு ஜீப் ஏற வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் மலைப்பாதை வளைவுகளில் குமட்டும், ஆகவே போடுவதில்லை. மத்தியானம் போடலாம் என்றால் சோற்றுக்கு முன்னும் பின்னும் டீ. தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. ராத்திரி ஞாபகம் வந்தால் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே மிடறில் விழுங்கிவிடுகிறாள். கால்சியமும் இரும்பை உள்ளே விடாது, இரண்டையும் ஒரே வேளையில் போடக் கூடாது. ‘தினமும் போடுறீங்களா?’ என்று கேட்டால் ‘போடுறேன்’ என்றுதான் சொல்வாள், பொய்யில்லை. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு, மாத்திரையை ஒரு நெல்லிக்காயோடோ கொய்யாவோடோ சாப்பிடு, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள் என்பதெல்லாம் அட்டையில் இருக்கும் தகவல்தான். ஆனால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் இதை அவரவர் நாளுக்குப் பொருத்திச் சொல்ல எந்த நர்சுக்கு நேரம் இருக்கிறது? வினாத்தாளில் மதிப்பெண் பெறும் அறிவும் இந்த அறிவும் வேறு வேறு.

இன்னொன்றும் இதில் சேர்த்தி. திருநீறு, பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, செங்கல் பொடி என்று வாய் கேட்பதை மசக்கை என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். இரும்புச்சத்து நன்றாக இறங்கியவர்களுக்கு வரும் ஏக்கமாகவும் அது இருக்கலாம் என்பது மருத்துவப் புத்தகத்தில் பழைய சங்கதி. வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இந்த ஓர் அறிகுறியை எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியிலாவது பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களா?

நேரம் தப்பி வரும் அறிவுக்கு ஃபோலிக் அமிலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் கதையே நம் நாட்டில் தொடங்கியது. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலை வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகளிடம் கண்ட ஒரு கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். நீலகிரியில் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் அவர் வேலை செய்தார். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததும் அதே குன்னூரில்தான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான மார்மைட்டைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-இல் இதை அவர் வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் ஃபோலேட் என்று பின்னால் தெரிந்தது. அந்த ஆலைப் பெண்களுக்கு ஊட்டச்சத்தைப் பற்றி என்ன தெரியும் என்பதைக் கொண்டு அவர் நோயை விளக்கவில்லை. தட்டில் என்ன இல்லை என்று பார்த்தார். 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனை இன்னோர் உண்மையைச் சொன்னது. முதுகுத்தண்டு மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற பெண்கள், அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே ஃபோலிக் அமிலம் சாப்பிடத் தொடங்கினால், அதே குறை திரும்பி வருவது 72 விழுக்காடு குறைந்தது.

‘முன்பே’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், ‘இன்னும் பத்து நாள் பார்ப்போம்’ என்று காத்திருந்து, நர்சம்மாவிடம் பதிவு செய்யும்போது அந்த நான்கு வாரம் முடிந்தே போயிருக்கும். அரசு உதவித்தொகையின் முதல் தவணைக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது நிபந்தனை. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த பெண்ணுக்கும் இந்த ஒரு சத்தைப் பொறுத்தவரை பாடம் தாமதம்தான். இரும்பும் அப்படித்தான். ஐந்தாம் சுற்றுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கடனோடு கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள். ஆறு மாத மாத்திரை பழைய கடனையும் புதுச் செலவையும் சேர்த்து அடைக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரை இதற்காகத்தான். பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிகிறார்கள் என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரியும். கர்ப்பிணிக்கு நடத்தும் பாடத்தில் பாதியை ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றினால் நல்லது. பையன்களையும் உட்கார வைத்து நடத்த வேண்டும் என்பது என் கட்சி, பின்னால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கப்போவது அவர்களும்தானே.

மூட நம்பிக்கை இல்லையா என்று கேட்பவர்கள் இப்போது பப்பாளியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் விலக்கும் உணவுகளைப் பற்றி எய்க்கிங்கர் ஃபெரோ-லுஸ்ஸி என்ற மானிடவியலாளர் 1973-லேயே விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழிந்தும் பப்பாளி, அன்னாசி, எள் என்ற ‘சூட்டு’ப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பப்பாளியை விட்டதால் யாருக்கும் ரத்தசோகை வந்துவிடவில்லை. அந்த விலக்கு முழுப் பொய்யும் இல்லை. 2002-இல் எலிகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, பழுத்த பப்பாளி தீங்கு செய்யவில்லை, காயின் பால் கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று கண்டது. பாட்டி சொன்னதில் பாதி சரி. நாம் சண்டை போட வேண்டியது பப்பாளியோடு அல்ல. ‘ஏழாம் மாசத்துக்கு மேல ரொம்பத் தின்னாதே, பிள்ளை பெருத்துப் போகும்’ என்ற வாக்கோடு. சத்து மாத்திரை போட்டால் பிள்ளை பெருக்கும், கறுக்கும் என்பதும் அதன் தங்கைதான். இதைச் சொன்னவர்களும் முட்டாள்கள் இல்லை. வீட்டில் மருத்துவச்சி பார்த்த காலத்தில் பெரிய தலை சிக்கினால் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. இன்று எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அந்தப் பயத்துக்கு இடமில்லை என்று நினைத்தால், அது வேறு வேடம் போட்டு நிற்கிறது. ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். ‘பிள்ளை பெருத்தா ஆபரேஷன்தான்’ என்று மாமியார் சொல்வதற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு ஆதாரம் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் இருக்கும்வரை அட்டை காட்டி அதைப் போக்க முடியாது. உள்ளூர் ஆஸ்பத்திரி தேவையில்லாமல் கத்தி எடுக்காது என்ற நம்பிக்கை வந்தால்தான் கடைசி மூன்று மாதத்தில் தட்டு நிறையும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபணைதான் எனக்குக் கனமாகப் படுகிறது. ‘இப்போது யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள்? சாப்பிட்டுத்தான் சர்க்கரை வருகிறது’ என்பது அது. உண்மை. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் உடல் எடை கூடியவர்கள், 12.6 விழுக்காட்டினர்தான் மெலிந்தவர்கள். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு இருந்தது. ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்பது இங்கே விஷமான அறிவுரை. இந்தியக் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரி, அதாவது 100 கிராம் அரிசியில் இருப்பது. இன்னோர் ஆளின் சாப்பாடு அல்ல. ஆனால் புரதம் கடைசி மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 22 கிராம் கூட வேண்டும். சோற்றைக் கூட்டினால் கலோரி வந்துவிடும். புரதமும் இரும்பும் வராது. ஆக, சர்க்கரையும் ரத்தசோகையும் எதிரெதிர் நோய்கள் அல்ல. அரிசி நிறையவும் மற்றது கொஞ்சமுமாக இருக்கும் ஒரே தட்டிலிருந்து இரண்டும் வரலாம், ஒரே பெண்ணுக்கும் வரலாம். எவ்வளவு என்பது இங்கே எது என்பதைவிட முக்கியம். அவளுக்கு உண்மையிலேயே சொல்லப்படாதது இந்த அளவுக் கணக்குதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கணக்கை ரேஷன் கடை வாசலில் நின்று போட்டுப் பார்க்கலாம். அரிசி இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. புரதம் இரண்டு கிராம்கூட வராது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு இதுவும் முழுசாக வராது; குழம்பின் தெளிவுதான் மிஞ்சும். அவளுக்குக் கூடுதலாக வேண்டிய 22 கிராமுக்கு 100 கிராம் பருப்பு வேண்டும், அல்லது மூன்று முட்டையும் ஒரு பிடி நிலக்கடலையும். இது யாருக்குத் தெரிய வேண்டும்? சந்தைக்குப் போகிற புருஷனுக்கும், அடுப்படியை ஆளுகிற மாமியாருக்கும். பாடம் நடக்கிற இடத்தில் அவர்கள் இல்லை. கர்ப்பிணி மட்டும் கேட்டுவிட்டு வந்து, ‘எனக்கு முட்டை வேணும்’ என்று அவளே வாய் திறந்து கேட்க வேண்டும். புது மருமகளுக்கு அது எளிதா?

கர்ப்பிணியைத் தாண்டி ஊரையும் சேர்த்துப் பேசிய முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது முன்னோடியாக எடுத்துக்கொண்டது அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தை. தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தத் திட்டம் உள்ளூர்ப் பெண்களையே பணியாளர்களாக அமர்த்தி, மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, எடை தேறாதவர்களுக்கு மட்டும் உணவு கொடுத்தது. ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பேச வைத்தது. எடைக் கோடு இறங்குவதை அண்டை வீட்டுக்காரியும் கண்ணால் பார்த்தாள். குழந்தைக்குச் செய்த அந்த வேலையைக் கர்ப்பிணிக்கும் செய்யலாம். மாதாமாதம் அவள் எடை எவ்வளவு ஏறியது என்று வீட்டார் முன்னால் வைத்துப் பேசினால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

‘அரசு 18,000 ரூபாய் கொடுக்கிறதே’ என்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று வளர்ந்தது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், மிச்சம் 14,000 பணம். நாட்டிலேயே தாராளமான உதவிகளில் இது ஒன்று. குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் 14,000-ஐக் கர்ப்பத்தின் நாட்களால் வகுத்தால் நாளுக்கு ஐம்பது ரூபாய் சொச்சம். அதிலும் ஒரு பங்கு பிரசவத்துக்குப் பிறகே வருகிறது. தோட்டத்து ஒரு நாள் கூலி அதைப்போலப் பல மடங்கு. கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் ஜீப் போய்விடும், கூலியும் போய்விடும். பணம் வந்தாலும் அவள் கணக்கில் வந்து வீட்டுக் கடனுக்குப் போவதைத் தடுக்க வழியில்லை. மாலை ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் வாரம் ஒரு நாள் கிளினிக் திறந்திருந்தால் பாதிப் பாடத்தை அங்கேயே, கூடவந்த புருஷனையும் உட்கார வைத்தே சொல்லிவிடலாம். தோட்டக்காரர்கள் கர்ப்பிணிக்குக் குனிந்து நிமிராத வேலையும் செருப்பும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் காலில் ஏறும் கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு ரத்தத்தை உறிஞ்சும். நான்காம் மாதத்துக்கு மேல் ஒரு பூச்சி மாத்திரை அதைத் தீர்க்கும்.

மாநிலத்தில் பதிவாகும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண் இருக்கிறது. குடும்ப அட்டைக்கும் எண் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, கடைசி மூன்று மாதத்துக்கு மாதம் மூன்று கிலோ பருப்பு கூடுதலாக அதே 30 ரூபாய் விலையில் கொடுக்கலாம். நாளுக்கு 100 கிராம், மொத்தம் ஒன்பது கிலோ. வீட்டார் எல்லோரும் சேர்ந்து தின்றுவிடுவார்கள் என்று அதிகாரிகள் குறிப்பு எழுதக்கூடும். தின்னட்டுமே. குழம்பு எல்லோருக்கும் கெட்டியானால்தான் கடைசியில் உட்காருகிறவளுக்கும் பருப்பு மிஞ்சும்.